ஆங்கிலத் திருப்பலி நூல்: 1973 மொழிபெயர்ப்பா, 2011 மொழிபெயர்ப்பா?

பங்கு வாசகர்:
ஆங்கிலத் திருப்பலி நடக்கும் பங்கொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறைவாக்கு வாசித்து வருகிறேன். 2011 நவம்பர் 27, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, இலத்தீன் திருப்பலி நூலின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு, 1973 மொழிபெயர்ப்புக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த நாள். ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று குருவானவர் ஆங்கிலத்தில் சொன்னதும், கோவிலில் பாதிப் பேர் ‘அண்ட் ஆல்சோ வித் யூ’ (உம்மோடும் இருப்பாராக) என்று பழைய பதிலையும், மீதிப் பேர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து ‘அண்ட் வித் யுவர் ஸ்பிரிட்’ (உம் ஆவியோடும் இருப்பாராக) என்று புதிய பதிலையும் சொன்ன அந்தக் குழப்பம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதிலுரைகள் பழகிவிட்டன. குருவானவர் சொல்லும் மன்றாட்டுகள்தாம் இன்றுவரை பழகவில்லை. மரியாவின் அமல உற்பவப் பெருவிழாவின் காணிக்கை மன்றாட்டில் ‘பிரிவீனியன்ட் கிரேஸ்’ என்று வருகிறது. நாம் நாடுவதற்கு முன்பே நம்மைத் தேடி வரும் அருள் என்பது அதன் பொருள். அழகான பொருள்தான். ஆனால் ஒரே முறை செவியில் விழுந்து மறையும் மன்றாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை பேர் ‘ஆமென்’ என்று மனமறிந்து சொல்ல முடியும்? மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்று 1963-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டதற்கு இது பொருந்துமா?

இலத்தீன் ஆசிரியர்:
ஐயா, நீங்கள் சொன்ன திருவருகைக் கால முதல் ஞாயிற்றின் தொடக்க மன்றாட்டை எடுத்துக்கொள்வோம். வருகின்ற கிறிஸ்துவை நற்செயல்களோடு எதிர்கொண்டு செல்லும் மனவுறுதியை உம் மக்களுக்குத் தாரும், அவர்கள் அவருடைய வலப்பக்கம் சேர்க்கப்பட்டு விண்ணரசைப் பெறுவார்களாக என்பது இலத்தீன் மூலம். அதில் ‘ஒக்குர்ரென்தெஸ்’ என்ற சொல் நிற்கிறது. வருகிறவரை எதிர்கொண்டு விரைகிறவர்கள் என்று பொருள். 1973 மொழிபெயர்ப்பில், கிறிஸ்து வரும்போது நம்மிடம் ஆவலான வரவேற்பைக் காண்பாராக என்று ஆயிற்று. ஓட்டம் போய்விட்டது, நாம் வீட்டிலேயே இருக்கிறோம், அவர் வந்து நம்மைப் பார்க்கிறார். மத்தேயு 25-இன் இறுதித் தீர்ப்பில் செம்மறியாடுகள் நிற்கும் வலப்பக்கமும் வெறும் ‘பக்கம்’ ஆகிவிட்டது. 2011 மொழிபெயர்ப்பு ‘ரன் ஃபோர்த் டு மீட்’ என்று ஓட்டத்தை மீட்டுத் தந்தது. எளிமை என்ற பெயரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆங்கில மக்களுக்கு இந்தப் படம் கிடைக்கவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பாவ அறிக்கையிலும் இதுவே நடந்தது. நம் தமிழ்த் திருப்பலியில் ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று மூன்று முறை மார்பில் தட்டிக்கொள்கிறோமே, 1973 ஆங்கிலத்தில் அது ஒரே முறையாகச் சுருங்கியிருந்தது.

மறைக்கல்வி ஆசிரியை:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நற்கருணை வாங்குமுன் தமிழில் ‘நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்’ என்கிறோம். மத்தேயு 8-இல் நூற்றுவர் தலைவர் சொன்ன சொல் அது. 1973 ஆங்கிலத்தில் இல்லமும் இல்லை, கூரையும் இல்லை. ‘உம்மைப் பெற நான் தகுதியற்றவன்’ என்பது மட்டும் இருந்தது. 2011-இல் ‘அண்டர் மை ரூஃப்’ வந்தபோது என் வகுப்பில் ஒரு சிறுமி, “யாருடைய கூரை, டீச்சர்?” என்று கேட்டாள். நற்செய்தியைத் திறந்து அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். புரியாத சொல் என்று நாம் அஞ்சியதே அன்று பாடமாக அமைந்தது.

பாடகர் குழுவினர்:
நீங்கள் எல்லாருமே 1973-ஐயும் 2011-ஐயும் மட்டும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். இடையில் ஒரு நூல் இருந்தது. ஐசெல் எனப்படும் ஆங்கிலத் திருவழிபாட்டுக் குழு, 1973-இன் குறைகளைத் தானே உணர்ந்து, பல ஆண்டுகள் உழைத்துத் திருத்திய நூலை 1998-இல் முடித்தது. இந்தியா உட்பட அக்குழுவின் பதினொரு உறுப்பு ஆயர் பேரவைகளும் அதை ஏற்றன. உரோமை 2002-இல் அதை மறுத்துவிட்டது. காரணம், 2001-இல் வந்த ‘லித்தூர்ஜியாம் அவுத்தெந்திக்காம்’ என்ற ஆவணம், இலத்தீனின் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் இயன்றவரை அப்படியே காக்க வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தது. ஆட்டத்தின் நடுவில் விதி மாறினால் அதுவரை ஆடியவர்களின் உழைப்பு என்னாவது?

வேறொரு இழப்பும் உண்டு. ‘அண்ட் ஆல்சோ வித் யூ’ என்ற பதிலை ஆங்கிலிக்கர்களும் தங்கள் புதிய வழிபாட்டு நூல்களில் ஏற்றிருந்தார்கள். பிரிந்த சபைகள் ஒரே சொல்லில் பதிலளித்த அந்த ஒற்றுமையை நாமே முறித்துக்கொண்டோம்.

இலத்தீன் ஆசிரியர்:
1998 நூலை மறுத்த முறை எனக்கும் உவப்பானதன்று. ஆனால் ‘ஸ்பிரிட்’ பற்றி நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கும் சங்கத்திற்குப் பின் ‘ஆவியோடும்’ என்றே மொழிபெயர்த்தன. ஆங்கிலம் தனிவழி போயிற்று. ஆங்கிலிக்கர்களின் 1549 மன்றாட்டு நூலிலேயே ‘அண்ட் வித் தை ஸ்பிரிட்’ என்றுதான் இருக்கிறது. பவுல் கலாத்தியர் திருமுகத்தை முடிக்கும் வாழ்த்தும் அதுவே. 2011 நூல் ஆங்கிலத்திற்கு அந்நியமான எதையும் திணிக்கவில்லை. ஆங்கிலம் தானே கைவிட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பங்கு வாசகர்:
ஓட்டத்தையும் கூரையையும் ஏற்கிறேன். இவற்றைப் படித்தபின் 1973-ஐ முழுதாக ஆதரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல் ஒன்று, வாக்கியம் வேறு. ‘இறைவா, இன்னது செய்தவரே’ என்று தொடங்கும் இலத்தீன் வாக்கியத்தைத் தமிழ் எளிதாகத் தாங்கும். ‘எங்களைப் படைத்த இறைவா’ என்று ஒரு பெயரெச்சத்தில் முடித்துவிடலாம். ஆங்கிலத்திற்கு அந்த வசதி இல்லை. ‘ஓ காட், ஹூ’ என்று தொடங்கி, கிளைமேல் கிளையாக வளர்ந்து, வேண்டுதல் வருமுன்னரே கேட்பவர் எழுவாயை மறந்துவிடுகிறார். மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் குருவானவர்களே தடுமாறுவதை வாரந்தோறும் கேட்கிறேன். படத்தைக் காப்பாற்ற வாக்கியத்தையும் அப்படியே தூக்கி வரத்தான் வேண்டுமா? ஓட்டத்தை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் அது ஓட்டமாக இருக்காதா?

இலத்தீன் ஆசிரியர்:
இருக்கும், ஐயா. அதை மறுக்கமாட்டேன். ஒரே வாக்கியமாக இருப்பதால், நாம் கேட்பது இறைவன் ஏற்கெனவே செய்ததிலிருந்து பிறக்கிறது என்ற தொடர்பு அறாமல் நிற்கிறது என்பதே என் வாதம். ஆனால் உரக்கச் சொல்ல இயலாத வாக்கியத்தில் அந்தத் தொடர்பு யாருக்கும் கேட்காது என்பதும் சரியே.

பாடகர் குழுவினர்:
2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘மாக்னும் பிரின்சிப்பியும்’ என்ற ஆவணத்தின் வழியாக மொழிபெயர்ப்புப் பொறுப்பைப் பெருமளவு ஆயர் பேரவைகளிடமே திருப்பித் தந்துவிட்டார். வாக்கியங்களைத் திருத்த வழி இப்போது திறந்தே இருக்கிறது. 2021-இல் தொடக்க மன்றாட்டுகளின் முடிவுரையில் ‘காட்’ என்பதற்கு முன்னிருந்த ‘ஒன்’ என்ற ஒரு சொல்லை நீக்கினார்கள். மன்றாட்டுகளின் நடையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மறைக்கல்வி ஆசிரியை:
திருத்துவதானால், கிண்ணத்தைக் குறிக்க 2011 நூல் வைத்த ‘சாலிஸ்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கட்டும். பெரிய வியாழன் மாலையில் பவுலின் திருமுகத்தை வாசிக்கும்போது ‘கப்’ என்று கேட்கிறோம். அரைமணி நேரத்திற்குள் நற்கருணை மன்றாட்டில், அதே இரவுணவில் அதே ஆண்டவர் கையில் எடுத்தது ‘சாலிஸ்’ ஆகிவிடுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள், இயேசுவிடம் இரண்டு கிண்ணங்கள் இருந்தனவா என்று கேட்கிறார்கள்.