இத்துப்போச்சு என்றால் கெட்ட வார்த்தையா?

குழு: நம்ம சொந்தபந்தம்

நான்: [படம்] மூன்று வருடமாக மாடியில் வெயிலில் கிடந்த தார்ப்பாய். இன்று மடிக்க எடுத்தேன், பிடித்த இடமெல்லாம் கையோடு வந்துவிட்டது. விரலெல்லாம் நீலப் பொடி. பாப்பா கட்டுரை நோட்டில் "இத்துப்போன தார்ப்பாய்" என்று எழுதியிருக்கிறாள், டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். தப்பான சொல்லா பெரியப்பா?

பாலக்கோடு சித்தி: அது திட்டுகிற வார்த்தை ஆச்சே. பிள்ளைக்கு வேறு சொல் சொல்லிக்கொடு.

ஊத்தங்கரை பெரியப்பா: இல்லைம்மா, நல்ல பழைய சொல். இறு என்றால் ஒடிதல், முறிதல். இற்றது, இற்றுப்போனது. காற்று பேச்சில் காத்து ஆகிறதே, அப்படித்தான் இற்று இத்து ஆனது. குறள் 475 பாருங்கள், "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இற்றுவிடும். பாப்பா எழுதியதும் அதே சொல்தான். கட்டுரையில் "இற்றுப்போன" என்று எழுதச் சொல், போதும்.

நான்: நைந்த தார்ப்பாய் என்று எழுதினால் ஆகாதா?

ஊத்தங்கரை பெரியப்பா: ஆகாது கண்ணு. வேட்டி துவைத்துத் துவைத்து நையும். உத்தரத்தை வண்டு குடைந்தால் உளுக்கும். எருக்குழியில் இலை மக்கும். இற்றுப்போவது வேறு. பார்வைக்கு முழுசாகவே இருக்கும், வெயிலும் மழையும் உள்ளே இருந்த வலுவைத் தின்றிருக்கும். கை வைத்தால்தான் தெரியும். அதனால்தான் உங்கள் ஆயா கிணற்றுக் கயிற்றை அடிக்கடி முறுக்குப் பிரித்துப் பார்ப்பார். குடம் உள்ளே விழுந்த பிறகு பார்த்து என்ன பயன்?

பர்கூர் மாமா: எங்கள் தோட்டத்தில் வெள்ளைக் குழாய் ஒன்று இப்படித்தான், மிதித்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பக்கத்திலேயே கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் கிடக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பி: கறுப்புக் குழாயில் கரித்தூள் கலந்திருப்பார்கள் மாமா. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. கரித்தூள் அந்தக் கதிரைத் தான் வாங்கிக்கொள்ளும்.

பாலக்கோடு சித்தி: புளியமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டினோமே, அந்த நைலான் கயிறு வெளுத்துப்போய்க் கிடக்கிறது. நேற்றுகூட இரண்டு பேர் சேர்ந்து ஆடினார்கள்.

ஊத்தங்கரை பெரியப்பா: உடனே போய் மேல் புரியை நகத்தால் கீறிப் பாரம்மா. கிளையில் உரசுகிற இடத்தையும் பார்.

பாலக்கோடு சித்தி: கீறினேன். மாவு மாதிரி உதிர்கிறது. கிளைப்பக்கம் ஒரு புரி அறுந்தே இருக்கிறது. ஊஞ்சலை அவிழ்த்துவிட்டேன். சின்னவன் ஒரே அழுகை.

பர்கூர் மாமா: அழ வேண்டாம் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை வரும்போது புதுக் கயிறு வாங்கிவருகிறேன். எத்தனை முழம் வேண்டும்?

பாலக்கோடு சித்தி: இருபது முழம் அண்ணா. கொஞ்சம் தடிமனாகப் பார்த்து வாங்குங்கள்.