பாதையைச் சீர்செய்யப் போன இடத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பு

கைத்தடி:
மூன்று வாரமாகிறது, மனத்தை விட்டுப் போகவில்லை. பாதி ஏற்றம் தாண்டி, மலைப்பாதையின் பெரிய வளைவுக்குக் கீழே குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கியவர்களுக்குத் தெரியும், பாட்டிலைக்கூட எடுத்துவிடலாம், மிட்டாய் உறையின் கிழிந்த மூலைதான் உயிரை வாங்கும். நகத்தளவு இருக்கும், இடுக்கியில் சிக்காது, கையுறையோடு எடுக்க வராது. அப்படி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் இறங்கி வந்தது. அந்த அம்மாள் என் பக்கத்தில் நின்றார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்தேன். கையிலிருந்த காலி பாட்டிலை என் பைக்குள் போட்டு, "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். கூட வந்த பையன் தன் பழச்சாற்று டப்பாவையும் போட்டான். உறிஞ்சுகுழல் அதில் இன்னும் நிமிர்ந்து நின்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி." எதற்கு நன்றி? வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு சொல்லுக்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஈரமண்:
குப்பை எடுப்பவர் என்ன செய்கிறார் என்றாவது பார்ப்பவர்களுக்குப் புரிகிறது. வடிகால் வெட்டுகிறவன் பாடு? பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் புதைத்திருக்கும் கட்டை, அதுதான், தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுவது, அதன் வாய் முழுக்க வண்டல் அடைத்துக் கிடந்தது. இரண்டு பேர் காலையிலிருந்து வெட்டினோம். முடிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் ஓடி வந்து கட்டையில் மோதி, ஒரு கணம் தேங்கி, சருகுகளைச் சுழற்றிவிட்டு, திரும்பிச் சரிவில் இறங்கியது. அதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கே போகிறேன். அப்போது ஒருவர் வந்து, "நடக்கிற பாதையை ஏன் தோண்டி வைத்திருக்கிறீர்கள்? யாராவது விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, கட்டையைத் தாண்டாமல் ஓரப் புல்லில் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த கூட்டம் முழுவதும் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தது. மாலைக்குள் புல் போய்ச் சேறு. தண்ணீரும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கட்டையைச் சுற்றிக்கொண்டு, அந்த மனிதர் போனது போலவே போனது.

காலணி ஒன்பது:
கைத்தடி அவர்களே, நன்றி சொன்னதில் என்ன குற்றம்? பாட்டில் பைக்குள் வந்ததா இல்லையா? புதருக்குள் போயிருந்தால் நீங்களேதான் முள்ளில் கையை விட்டு எடுத்திருப்பீர்கள். என் அனுபவம் சிறியது. காட்சிமுனைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று வெறுங்கையால் இழுத்தேன். ஈரத் துடைப்புத்தாள். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். தடித்த கையுறை இல்லாமல் கிளம்பாதீர்கள். உடைந்த கண்ணாடிக்குப் பை போதாது, மூடியுள்ள கெட்டியான டப்பா வேண்டும். ஊசி கண்ணில் பட்டால் கையுறை இருந்தாலும் விரலால் தொடாதீர்கள். சிகரெட் முனை பஞ்சுதானே, மட்கிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக் வகை. ஆரஞ்சுத் தோலையும் எடுங்கள், மாதக்கணக்கில் கிடக்கும், விலங்குகளைப் பாதையோரத்துக்குப் பழக்கும். ஒதுங்க நேர்ந்தால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி மூடவேண்டும். துடைப்புத்தாளைப் புதைக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும் (காட்சிமுனைக்குப் பின்னால் தாளைப் போட்டவர் செய்யாதது இதைத்தான்). வேறு இடத்தில் நடந்த காலணியோடு வருகிறவர்கள் அடியைத் தேய்த்துவிட்டு வாருங்கள். களைவிதைகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும், பிறகு அதைப் பிடுங்கவும் நாம்தான் போகவேண்டும். கைத்தடி அவர்களுக்கு இன்னொன்று: இது நன்றியால் தீர்கிற விஷயமே இல்லை. எவரெஸ்டின் அடிவார முகாமைத் தாண்டி ஏறும் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாள அரசு 2014-ல் விதி போட்டது. விதி போடவேண்டும்.

கைத்தடி:
நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்தப் பையன் டப்பாவைப் போட்டபோது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பையின் வாயைத்தான் பார்த்தான். அதைச் சொல்லத்தான் எழுதினேன். 8 கிலோ விதியை வைத்து அதற்கு என்ன செய்வது?

கூழாங்கல்:
என்னுடையது வேறு மாதிரி, தவறு என்னுடையது. படம் எடுப்பதற்காகக் கல் அடுக்கி வைக்கிறார்களே, அதற்காகக் கற்களைப் பெயர்க்கும்போது அடியிலிருக்கும் பூச்சிகளுக்கும் பல்லிகளுக்கும் வீடு போகிறது, பார்த்தால் கலைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மேல்பாறையில் ஒன்பது இருந்தன. உற்சாகமாகக் கலைத்துக்கொண்டே போனேன். கடைசிக் குவியலில் மேல் கல்லை எடுக்கும்போது ஏதோ பிடித்து இழுத்தது. சாம்பல் நிறக் கற்பாசி இரண்டு கற்களையும் சேர்த்துப் படர்ந்திருந்தது. விளிம்பில் பொருக்குப் போல உரிந்து வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நேற்று அடுக்கிய கல்லில் கற்பாசி எப்படி ஒட்டும்? கை நிற்கவில்லை.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. பாறைக்குக் கீழே இருவர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்கள், வயதானவர்கள். "கல்குவியல் வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும், குவியலைத்தான் காணவில்லை" என்றார் அவர்களில் ஒருவர். நான் வழி காட்டினேன். கீழே வரும்வரை கூடவே நடந்தேன். வழிநெடுக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்கள். உண்மையைச் சொல்லவில்லை. மறுவாரம் போய் அதே இடத்தில் அடுக்கிவிட்டேன், கற்பாசிப் பக்கம் வெளியே தெரியும்படி.

மேட்டுவழி:
இதற்குத்தான் கல்குவியலே கூடாது என்கிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1937-ல் முழுதாக இணைந்தது. இன்றும் பராமரிப்பில் பெரும்பகுதி தன்னார்வலர்கள் கையில்தான். வழிகாட்டுவது மரத்தில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் தீட்டிய வெள்ளைப் பட்டை. அதை யாரும் காலால் தட்டிவிட முடியாது.

கூழாங்கல்:
மேல்பாறையில் மரம் எங்கே இருக்கிறது? நீங்கள் சொன்ன அதே பாதையில், மரங்கள் முடியும் உயரத்துக்கு மேலே கல்குவியல்தான் வழி காட்டுகிறது.

மேட்டுவழி:
பாறையிலும் தீட்டலாம்.

கூழாங்கல்:
மூடுபனியில் தரையைத் தடவிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா? இடுப்பு உயரத்தில் ஒன்று நின்றால்தான் கண்ணில் படும். என் கண்ணிலும் அப்படித்தான் பட்டது.

ஈரமண்:
குவியல் சண்டைக்கு நடுவே என் கட்டையின் கதை. கட்டையின் இரண்டு முனையிலும் யாரும் சுற்றிப் போகாதபடி பெரிய கல்லாகப் பார்த்து, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி இறக்கினோம். நான்கு பேர், கடப்பாரை, ஒரு நாள் முழுக்க. நேற்று வண்டலை வாரப் போனேன். இடப்பக்கக் கல்மேல் ஒருவர் வசதியாக அமர்ந்து, காலணியைக் கழற்றி, அதன் அடியில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கட்டி கட்டியாக வடிகாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் மண்வெட்டியோடு எதிரே நின்றேன்.

"ஒரு நிமிடம் பொறுங்கள், இன்னொரு காலும் இருக்கிறது" என்றார்.

நின்றேன்.