உறைமண் சங்கத் தலைவர்கள்: கிட்ட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

முன்னாள் செயலாளர்:

பெர்மாஃப்ராஸ்ட் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கத்தில் ஆறு வருஷம் செயலாளராக இருந்தேன். போன மாதம்தான் கோப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். அந்த ஆறு வருஷத்தில் மூன்று தலைவர்கள். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. தலைவர் எங்கே வேலை பார்க்கிறாரோ அதுதான் சங்கத்தின் முகவரி. அப்படியிருந்தும் ஆள் மாறினால் சங்கமே மாறிப்போகிறது.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: தொடர்ந்து இரண்டு வருஷமாவது 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட். தமிழில் நிரந்தர உறைமண் என்கிறோம். அந்த ‘நிரந்தர’ இப்போது கொஞ்சம் சங்கடமான சொல். சரி, அது வேறு கதை.

இந்தச் சங்கங்களில் எப்போதும் இரண்டு கூட்டம் இருக்கும். ஒரு கூட்டம் ‘இந்த மண் 2100இல் எப்படி இருக்கும்’ என்று கேட்கும். இன்னொன்று ‘வருகிற கோடையில் இதன் மேல் பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன், முப்பது வருஷம் நிற்குமா’ என்று கேட்கும். தலைவர் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் மறுபக்கம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1963இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முதல் சர்வதேச மாநாடு நடந்ததில் இருந்தே இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஒரே மேஜையில் உட்கார்கிறார்களா என்பது தலைவரைப் பொறுத்தது.

ஒரு சின்ன விஷயத்தோடு தொடங்கி வைக்கிறேன். நான் பார்த்த இரண்டாவது தலைவர் பழைய பேராசிரியர். பத்திரிகைக்கு நாங்கள் எழுதிய அறிக்கையில் ‘உறைமண் உருகுகிறது’ என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு ‘இளகுகிறது’ என்று எழுதினார். “ஃப்ரீசரில் இருந்து எடுத்த இறைச்சி உருகி ஓடுமா? இளகும். மண்ணும் அப்படித்தான். உருகுவது உள்ளே இருக்கிற பனிக்கட்டி மட்டும்.” அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது ‘உருகுகிறது’ என்று எழுதினால் என் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

தேசியச் சங்கமோ சர்வதேசச் சங்கமோ, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். குறை சொல்வதானால் பெயர் வேண்டாம்.

களத் தொழில்நுட்பர்:

எனக்கு மாநாட்டு மேடை தெரியாது. நான் துளை போடுகிறவன், கம்பி குத்துகிறவன்.

கோடையில் இளகி குளிர்காலத்தில் மறுபடி உறைகிற மேலடுக்கின் ஆழத்தை வருஷா வருஷம் அளக்கிறோம். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரம், பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 121 புள்ளி. கோடை முடிகிற நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் அளவு குறித்த எஃகுக் கம்பியை இறக்கி, எங்கே நிற்கிறதோ அந்த ஆழத்தைப் படிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் புல்திட்டுகளுக்கு நடுவே முழங்கால் ஈரத்தில் 121 தடவை குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு யாருடையது என்று மறந்துவிடும்.

ஒரு வருஷம் புதிதாகத் தேர்வான தலைவர் களத்தைப் பார்க்க வந்தார். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக வந்து கம்பியைக் கேட்டார். முதல் புள்ளியில் இறக்கினார், ‘கிணுங்’ என்றது. 31 சென்டிமீட்டர் என்று படிக்கப் போனவர் நின்று, “இது கல்” என்று சொல்லி ஒரு சாண் தள்ளிக் குத்தினார். இப்போது ‘தொப்’ என்று அமுங்கின சத்தம். “52.” உறைந்த மண்ணில் கம்பி பட்டால் வருகிற சத்தமே வேறு. அது காதுக்குப் பழகக் குறைந்தது ஒரு கோடை ஆகும். அவர் அதைச் செய்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ, காது மறக்கவில்லை.

121 புள்ளியையும் அவரே செய்தார் என்று சொன்னால் பொய். அறுபதோடு கம்பியை என்னிடம் தந்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டார். மழைத் தூறலில் பென்சிலால் எழுதினார், பேனா அந்தத் தாளில் நிற்காது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அளவீட்டுச் செலவை வெட்டலாம் என்று பேச்சு வந்தபோது அந்த நோட்டை மேஜையில் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாலைப் பொறியாளர்:

மேலே செயலாளர் ‘சந்தேகத்தோடு பார்க்கும்’ என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார். எனக்கு நடந்தது அவ்வளவு நாகரிகமாக இல்லை.

ஒரு மாநாட்டில் தொடக்க உரை. அன்றைய தலைவர் மண்ணின் வெப்பநிலையை ஆராய்கிற விஞ்ஞானி. திரையில் ஒரு படம் போட்டார்: நீளவாக்கில் பிளந்து, ஓரம் சரிந்து கிடக்கிற நெடுஞ்சாலை. “இதைக் கட்டியவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். அரங்கம் சிரித்தது. அது நான் மேற்பார்வை பார்த்த சாலை.

தேநீர் இடைவேளையில் நேராகப் போய் நின்றேன். “மேடம், அந்தச் சாலை என்னுடையது. இருநூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டோம். பனி ஆப்பு (மண்ணுக்குள் ஆப்பு மாதிரி இறங்கியிருக்கிற பனிக்கட்டி) இரண்டு துளைக்கு நடுவில் இருந்தது. உங்களைக் கேட்டிருந்தால் எங்கே இருக்கிறது என்று சொல்லியிருப்பீர்களா?” குரல் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. “இங்கே இருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு விடுதி வாசலில் நின்றார்.

போய்ப் பார்த்தோம். சாலையின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருந்தது. கெட்டது ஓரம். குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி பனியைத் தள்ளித் தள்ளிச் சரிவில் குவித்துவிடுகிறது. பனி கம்பளி மாதிரி. அதற்குக் கீழே மண்ணுக்குக் குளிர் இறங்காது. கோடையில் சரிவின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, அந்தத் தண்ணீர் வெயிலை வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறது. இரண்டும் சேர்ந்து ஓரத்தை அடியில் இருந்து தின்றுவிட்டன. வடிவமைப்பில் நான் போட்ட கணக்கு தார்ப்பரப்பின் சூட்டுக்குத்தான். குவிகிற பனிக்கு இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தேங்கிய தண்ணீருக்குள் தெர்மிஸ்டரை, அதாவது வெப்பநிலை அளக்கிற உணரியை, விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இத்தனை வருஷமாகத் தொடாத நிலத்தில்தான் துளை போட்டிருக்கிறேன். சாலை ஓரத்தில் ஒன்றுகூட இல்லை” என்றார்.

கடைசி நாள் அமர்வில் அதே படத்தை மறுபடி போட்டார். “முதல் நாள் இதைக் காட்டிச் சிரிக்க வைத்தேன், தவறு” என்று சொல்லிவிட்டு, பார்த்ததை ஐந்து நிமிஷம் விளக்கினார். அடுத்த மாநாட்டில் ஒரு விதியே வந்தது: இடிந்த கட்டுமானத்தின் படத்தைக் காட்டுகிறவர் அந்த இடத்து மண் விவரத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும், கட்டியவருக்குப் பேச நேரம் தர வேண்டும். பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த அமர்வில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது சீன உறைமண் விஞ்ஞானி செங் குவோதோங் நினைவு வருகிறது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. 1993 முதல் 1998 வரை சர்வதேச உறைமண் சங்கத்தின் தலைவர். 2006இல் திறந்த சிங்காய்-திபெத் ரயில் பாதை சுமார் 550 கிலோமீட்டர் உறைமண் மேல் போகிறது. சூட்டைத் தடுத்தால் போதாது, பாதையின் மண்மேட்டையே குளிர்விக்க வேண்டும் என்ற வழியை வலியுறுத்தியவர் அவர். பெரிய உடைகற்களை அடுக்கினால் குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கும். கோடையில் சூடான காற்று மேலேயே நின்றுவிடும். விஞ்ஞானமா பொறியியலா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஆய்வு மாணவி:

என் முதல் மாநாடு. சுவரொட்டி அமர்வில் என் இடம் கழிவறைக்குப் போகிற வழியில். அதனால் நிறையப் பேர் வந்தார்கள், யாரும் நிற்கவில்லை. நின்ற ஒரே ஆள் சங்கத் தலைவர். அவர்தான் தலைவர் என்று எனக்குத் தெரியாது. பெயர் அட்டை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது.

என் வரைபடத்தில் எட்டு மீட்டர் ஆழத்தில் மைனஸ் 0.2 டிகிரி என்று காட்டியிருந்தேன். விரலை அதில் வைத்து, “ஐஸ் குளியல் போட்டாயா அம்மா?” என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும். நொறுக்கின பனிக்கட்டியும் சுத்தமான தண்ணீரும் கலந்தால் சரியாக 0 டிகிரி. கருவியைத் துளையில் இறக்கும் முன் தெர்மிஸ்டரை அதில் முக்கி, அது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் செய்யவில்லை. கருவி கடையில் இருந்து வந்தபடியே இறக்கிவிட்டேன்.

“மைனஸ் 8இல் இருக்கிற மண்ணுக்கு 0.15 தவறினால் பரவாயில்லை. உன் மண் வாசல்படியில் நிற்கிறது” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, சுவரொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். இலையுதிர்காலத்தில் எடுத்துச் சோதித்தேன். ஒரு தெர்மிஸ்டர் 0.13 தள்ளிக் காட்டியது. ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாநாட்டின் பொதுக்குழுவில் மாணவர் பிரதிநிதிக்குப் பேச்சுரிமை மட்டும் போதாது, வாக்கும் வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். இளம் ஆய்வாளர்களுக்கு 2005இல் இருந்தே தனி வலையமைப்பு உண்டு. ஆனாலும் குழுவில் ஒரு வாக்கு என்பது வேறு.

பெயர் வேண்டாம் என்பவர்:

எல்லாரும் நல்ல கதையாகவே சொல்கிறீர்கள். எங்களுக்கு வாய்த்தவர் கேமராத் தலைவர்.

வடக்கு உறைமண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்லக் கசியும் என்பதுதான் எங்களில் பெரும்பாலானவர்களின் மதிப்பீடு. இதுவே போதுமான கவலை. அவருக்குப் போதவில்லை. எந்தத் தொலைக்காட்சி கேட்டாலும் ‘வெடிகுண்டு’ என்றார். சங்கத்தின் பெயர் கீழே ஓடியது. பொறியாளர்கள் பத்துப் பதினைந்து பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

அதைக்கூட விடுங்கள். வங்கிக் கணக்குக்கு அவர் கையெழுத்து வேண்டும். ஏழு மாதம் போடவில்லை. சங்கத்தின் இணைய முகவரிக்கான பணம் பழைய பொருளாளரின் கார்டில் இருந்து போய்க்கொண்டிருந்தது. கார்டு காலாவதியானது, தளமும் போனது. முப்பது வருஷக் கூட்டச் சுருக்கங்கள் அதில்தான் இருந்தன. பாதிதான் மீண்டது.

பழைய உறுப்பினர்:

வயதானவன், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

1983இல் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் மாநாட்டின்போதுதான் சர்வதேசச் சங்கம் பிறந்தது. கனடா, சீனா, சோவியத் யூனியன், அமெரிக்கா, நான்கு நாடுகள் கூடி. பனிப்போர் காலம். அமெரிக்க மண்ணில் கூடினார்கள், முதல் தலைவராக சைபீரியாவின் யாகுட்ஸ்கைச் சேர்ந்த பாவெல் மெல்னிகோவ். அடுத்தவர் அமெரிக்கர் டிராய் பெவே. அதற்கடுத்து, மேலே சொன்ன செங். இந்த வரிசையைப் பார்த்தாலே புரியும், யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இதில் தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். மாஸ்கோவும் வாஷிங்டனும் பேசாத விஷயங்களை இவர்கள் பேசினார்கள். மண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யாகுட்ஸ்கில் கட்டடம் சாய்ந்தால் அலாஸ்காக்காரனுக்கு அதில் பாடம் இருந்தது, அவ்வளவுதான்.

அண்மைக் காலத் தலைவர்களுக்கு வேறு சோதனை. 2020இல் சீனாவின் லான்ஜோவில் நடக்க வேண்டிய மாநாடு பெருந்தொற்றில் நின்றது. அடுத்த சர்வதேச மாநாடு 2024இல்தான், கனடாவின் வைட்ஹார்ஸில். அதற்கு முந்தையது 2016இல் நடந்தது, நடுவில் எட்டு வருஷ இடைவெளி. ஒரு மாணவன் சேர்ந்து, பட்டம் வாங்கி, துறையை விட்டே போயிருப்பான். 2021இல் அமெரிக்கச் சங்கம் வட்டார மாநாட்டைக் குளிர்ப்பிரதேசப் பொறியியல் மாநாட்டோடு சேர்த்து இணையவழியில் நடத்தியது. நான் நள்ளிரவில் கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பொறியாளரும் விஞ்ஞானியும் பக்கத்துப் பக்கத்துச் சதுரத்தில் தெரிந்தார்கள்.

பெயர் வேண்டாம் என்பவருக்கு: உங்கள் கோபம் நியாயம். அந்தச் சுருக்கங்களின் காகிதப் பிரதி 1990களில் இருந்து என் அலமாரியில் இருக்கிறது. எலி கடித்த ஓரத்தைப் பொறுத்துக்கொள்வதானால் அனுப்பி வைக்கிறேன்.

முன்னாள் செயலாளர்:

பெரியவரே, அனுப்புங்கள், ஸ்கேன் செய்யும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். சாலைப் பொறியாளர், அந்த விதி எங்கள் சங்கத்திலும் வேண்டும், அதன் வாசகம் இருந்தால் தாருங்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் புதுத் தலைவரிடம் இருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துக்கு நன்றி என்று ஒரு வரி. இரண்டாவது வரி: “நம் இணைய முகவரிக்குப் பணம் யார் கார்டில் இருந்து போகிறது?”

என்னுடையதில் இருந்து. மார்ச்சில் காலாவதி.