டச்சுக் குடும்பப்பெயர்களில் வரும் ‘வான்’, ‘டெ’: என்ன பெயரிடலாம்?

ஐயா, வணக்கம்.

> ‘வான்’, ‘வான் டெர்’, ‘டெ’ ஆகியவற்றை ‘இடைப்பெயர்’ என்று குறிக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ‘இடைப்பெயர்’ என்றால், முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவில் நிற்கும் இன்னொரு பெயர் என்றே படிப்பவர் கொள்வார். இவையோ பெயர்களே அல்ல. இடைக்காலத்தில், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளான ஃபிளாண்டர்ஸ், பிரபான்ட் நகரங்களில் ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய, இன்ன ஊரார், இன்ன தொழிலர், இன்னார் மகன் என்று சேர்த்தெழுதிய வழக்கத்தில் இக்குடும்பப்பெயர்கள் பல தோன்றின. அவற்றுள் ஊரையும் நிலத்தையும் சுட்டும் பெயர்களுக்கு முன் ‘வான்’ வந்தது. ‘ஊரிலிருந்து’ என்பதில் நம் நீங்கல் வேற்றுமை உருபு செய்யும் வேலையையே அது செய்கிறது. ‘டெ’, ‘டெர்’ என்பவை ஆங்கில ‘the’ போன்றவை. (ஜெர்மானிய ‘ஃபொன்’னில் காணும் உயர்குடி வாசனையை இதில் தேடுவது வீண், சாதாரண உழவர் குடும்பங்களுக்கும் ‘வான்’ உண்டு.) அன்று இதன் பொருள் மங்கியிருக்கவில்லை. இன்றைய பெல்ஜியத்திலுள்ள துர்னே நகரில் பிரெஞ்சு மொழியில் ‘மேய்ச்சல் நிலத்தார்’ எனப் பொருள்படும் ‘டெ ல பாஸ்தூர்’ என்று வழங்கப்பட்ட ஓவியர் ரோகியர், 1436இல் பிரசெல்ஸின் நகர ஓவியராக இருந்தார். அங்கே அப்பெயர் ‘வான் டெர் வெய்டன்’ என்று அப்படியே டச்சு மொழிக்கு மாறிவிட்டது.

ஆகவே ‘பெயரிடைச்சொல்’ என்பதை முன்மொழிகிறேன். தொல்காப்பியர் வேற்றுமை உருபுகளையும் இடைச்சொல்லில் அடக்கியிருப்பதால் இலக்கணமும் பொருந்துகிறது. இரு பெயர்களுக்கு இடையில் நிற்பது என்ற நேர்ப்பொருளும் கிடைக்கிறது. ‘இடைச்செருகல்’ என்றால் யாரோ பின்னால் புகுத்திய பாடல் நினைவுக்கு வரும். வெண்பாவில் அளவுக்குப் புறம்பாய் நிற்கும் ‘கூன்’ எனக்கு மிகப் பிடித்த ஒப்புமைதான், ஆனால் ஒருவர் பெயரோடு அதை ஒட்ட மனம் வரவில்லை.

நெதர்லாந்தில் அகரவரிசைக்குப் பெயரிடைச்சொல்லைக் கணக்கில் கொள்வதில்லை. நம் பாடநூல்கள் ‘வாண்டர்வால்ஸ்’ என்று ஒரே சொல்லாக்கிவிட்ட இயற்பியலாளரை அங்கே ‘வால்ஸ், வான் டெர்’ என்றுதான் தேட வேண்டும். பெல்ஜியத்தில் ‘வான்’ என்பதையும் சேர்த்தே வரிசைப்படுத்துவார்கள் என்பதால், நம் பெயர்ப் பட்டியலில் அவரவர் நாட்டையும் குறிப்பது நல்லது. ‘வெர்மீர்’ போன்றவற்றில் ‘வான் டெர்’ மருவி ‘வெர்’ என்று பெயரோடு ஒட்டிவிட்டது. அதைப் பிரிக்காமல் ‘வெ’ வரிசையிலேயே வைக்கலாம்.