ஒட்டினாற்போல் தெரிந்தும் ஒட்டாத சாலைக்கு என்ன பெயர்?

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சாலைத் தரவு திருத்தும் பயிற்சி ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 12 பக்கத்தில் 11 முடிந்துவிட்டது. ஏழாம் பக்கம் ஒரே சொல்லில் நிற்கிறது. கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் ஜிஐஎஸ்காரர்கள் 'டேங்கிள்' என்பார்களே, அது. ஒரு தெருவின் கோடு பெரிய சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் திரையில் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் 40 செ.மீ. இடைவெளி இருக்கும். வழிகாட்டும் மென்பொருள் அங்கே திரும்பாது. ஊரைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லும். இப்போதைக்கு 'தொங்கு முனை' என்று போட்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் பாலிடெக்னிக் மாணவர்கள், பத்தாவதுவரை தமிழ்வழி. காதில் விழுந்ததும் பொருள் பிடிபட வேண்டும்.

வாலாஜாவிலிருந்து:

'தொங்கு முனை' வேண்டாம், இரண்டு பாதியும் தவறு. முனை என்றால் கடைசிப் புள்ளி. கோட்டை உருவாக்கும் புள்ளியை ஆங்கிலத்தில் நோடு என்பார்கள். கோட்டின் நடுவில் இருப்பதும் நோடுதான், அதை எப்படி முனை என்பது? 'கணு' என்றே வைப்போம். கரும்பில் அடியிலும் கணு உண்டு, நடுவிலும் உண்டு.

'தொங்கு' அதைவிட ஆபத்து. ஆங்கிலத்தில் டேங்கிள் என்பது எதனோடும் சேராமல் முடியும் எல்லாக் கணுவையும் குறிக்கும். நிஜமான முட்டுச்சந்தின் கடைசிக் கணுவும் அதில் அடக்கம். அது பிழை இல்லை, ஊரில் சந்து அப்படித்தான் முடிகிறது. நமக்குப் பெயர் வேண்டியது பிழைக்கு மட்டும். ஏட்டில் 'தொங்கு முனை என்பது பிழை' என்று படித்த மாணவன் நேரே க்ராஸ் என்ற வரைபட மென்பொருளில் கோட்டுப் பிழைகளை நீக்கும் வி.க்ளீன் கருவிக்குப் போவான். தொங்கல்களை நீக்கு என்று சொல்லி வரம்பை 20 மீட்டர் வைப்பான். 20 மீட்டருக்குக் குறைந்த சந்துகள் அத்தனையும் அழிந்துபோகும். பழைய ஊர்ப்பகுதி எதையாவது திறந்து பாருங்கள், எத்தனை சந்து அந்த நீளத்துக்குள் முடிகிறது என்று.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். வரைபட அடுக்கின் அளவு டிகிரியில் இருக்கும்போது, மீட்டர் என்று நினைத்து வரம்பில் 1 என்று அடித்தால் கதை முடிந்தது. வேலூர் இருக்கும் அட்சரேகையில் கிழக்குமேற்காக 1 டிகிரி என்பது ஏறத்தாழ 108 கி.மீ. முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இபிஎஸ்ஜி குறியீடு 32644-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டமும் அந்த மண்டலத்துக்குள்தான் வருகின்றன.

குடியாத்தத்திலிருந்து:

கணு சரி. வினைச்சொல்லை எங்கள் ஊர்த் தறியிலிருந்து எடுக்கலாமே. பழைய பாவு முடியும் இடத்தில் புதுப்பாவை இழைக்கு இழை பிணைப்பார்கள். ஓர் இழை விட்டுப்போனாலும் தறி ஓடும். துணியில்தான் நீளக் கோடு விழும். சாலைத் தரவிலும் அதே நிலைமைதான். படம் பார்க்க ஒழுங்காக இருக்கும், வழி கேட்டால்தான் குறை வெளிப்படும். 'பிணைத்தல்', 'பிணையாக் கணு'.

ஆரணியிலிருந்து:

'பிணை' என்றால் சங்கத் தமிழில் பெண்மான். கலையும் பிணையும் என்று ஜோடியாக வரும். இன்றைய வழக்கில் நீதிமன்றத்து ஜாமீன். 'பிணையாக் கணு' என்றால் ஜாமீன் கிடைக்காத கணு என்று ஒருவன் படிப்பான். பிணை, பிணைப்பு, பிணக்கு, பிணங்கு எல்லாம் ஒரு வேர் என்றே கொள்கிறேன். சேர்வதும் சிக்குவதும் மாறுபடுவதும் ஒரே வேரில் கிடக்கும்போது, 'சேரவில்லை' என்று தெளிவாகச் சொல்ல அது உதவாது.

இதற்கு நம் இலக்கணத்திலேயே ஆயத்தமான சொல் இருக்கிறது: புணர்ச்சி. பெரிய சாலை நிலைமொழி, வந்து சேரும் தெரு வருமொழி. தொல்காப்பியத்தில் புணரியல் என்று ஓர் இயலே உண்டு. இரண்டு கோடும் ஒரே கணுவைப் பகிர்ந்தால் அது நன்னூல் சொல்லும் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே'. இடைவெளியை நிரப்ப நடுவில் சிறு துண்டு வரைந்தால் அது உடம்படுமெய். ஆகவே 'புணராக் கணு'. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

காட்பாடியிலிருந்து:

ஆரணி ஐயா, பொருத்தம் மறுக்க முடியாதது. ஆனால் பதினேழு வயதுப் பையன்கள் 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஆய்வகத்தில் அந்தச் சொல்லை ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை சொல்ல முடியாது. உடம்படுமெய் என்பதை எடுத்துக்கொள்கிறேன், விளக்கத்தில் அழகாக உட்காரும்.

வாலாஜாவிலிருந்து:

உடம்படுமெய்யை எடுக்காதீர்கள், அது தவறான பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும். இடைவெளியில் துண்டு வரைவது திருத்தம் ஆகாது. தெருவின் கடைசிக் கணுவையே நகர்த்திப் பெரிய சாலையில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 40 செ.மீ. நீளத்தில் பெயரும் வகையும் இல்லாத ஒரு சாலை தரவில் பிறந்துவிடும்.

சேர்த்தல் என்றால் என்ன என்பதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் க்யூஜிஐஎஸ்ஸும் வேறுவேறு. அதைப் பிரிக்காமல் பெயர் வைக்க முடியாது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு கோடு சேர்ந்தது என்றால் இரண்டின் பட்டியலிலும் ஒரே எண்ணுள்ள கணு இருக்கிறது என்று பொருள். இடம் ஒன்றாக இருந்தால் போதாது. ஆயத்தொலைவுகள் 7 தசமம்வரை பதிவாகின்றன, அதாவது ஒரு செ.மீ. அளவுக்கு. அந்த ஏழும் அப்படியே ஒத்துப்போனாலும், எண் வேறாக இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு கணுக்கள். வழி அங்கே அறுந்துதான் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த வரைபடத்தைத் திருத்தும் ஜேஓஎஸ்எம் மென்பொருளில் இரண்டையும் தேர்ந்தெடுத்து எம் விசையை அழுத்தினால் ஒன்றாகும். கணுவைக் கோட்டின்மேல் சேர்க்க ஜே விசை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஷேப்ஃபைல் வகைக் கோப்பு என்றால் கணுவுக்கு எண்ணே கிடையாது, இடம்தான் எல்லாம். அங்கே வேறு வகை ஏமாற்று. தெருவின் நுனி பெரிய சாலையின் கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கும், ஆனால் அந்த இடத்தில் பெரிய சாலைக்கு உச்சிப்புள்ளி, அதாவது கோட்டை வரையும்போது வைத்த புள்ளி, இருக்காது. வழி தேடும் கருவி உச்சிப்புள்ளியில்தான் சேர்க்கும், நடுக்கோட்டில் சேர்க்காது. அதற்காகத்தான், பக்கத்துக் கோட்டில் தானே ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கோடு டோபாலஜிக்கல் எடிட்டிங்கையும் போட்டுக்கொள்ளச் சொல்வது. போட்டால் எதிர்க்கோட்டிலும் ஒரு புள்ளியைத் தானே செருகும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். பாதி வரைபவரின் இடது கைதான். ஜேஓஎஸ்எம்மில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வரைந்தால் ஒட்டாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலாவியிலேயே திருத்தும் ஐடி எடிட்டரில் ஆல்ட் விசை. நெருக்கமான இடத்தில் தேவைப்பட்டு அழுத்துவார்கள், அப்புறம் விரலை எடுக்க மறந்துவிடுவார்கள்.

ஆம்பூரிலிருந்து:

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வடாற்காட்டில் எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் ரோடு சேரும் இடத்துக்கு ஒரே பேர்தான்: கூட்ரோடு. பஸ் கண்டக்டர் அப்படித்தான் கூவுகிறார், டீக்கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சேர வேண்டியது சேரவில்லை என்றால் 'ஒட்டாத கூட்ரோடு'. மாணவனுக்கு விளக்கமே தேவைப்படாது.

ஆரணியிலிருந்து:

'ரோடு' தமிழா? கலைச்சொல் பட்டியலில் ஆங்கிலத்தை உள்ளே விட்டால் பிறகு டேங்கிளையே வைத்துக்கொள்ளலாமே, இத்தனை பேர் ஏன் உட்கார்ந்து பேச வேண்டும்? 'கூட்டுச்சாலை' என்று எழுதுங்கள்.

ஆம்பூரிலிருந்து:

ஐயா, கூட்டுச்சாலை என்று எழுதினால் என்ன சாலை என்று கேட்பார்கள். கூட்ரோடு என்பது இப்போது ஒரே சொல்லாகிவிட்டது. 'கூட்டு' தமிழ், 'ரோடு' ஆங்கிலம் என்று யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ஒலியே தேய்ந்து தமிழாகிவிட்டது. வெளியூர்த் தமிழருக்குக்கூட நாம் விளக்க வேண்டியிருக்கும் அளவுக்கு அது நம் மண்ணின் சொல். அதை நாமே ஏட்டிலிருந்து துரத்தினால் எப்படி?

ஆரணியிலிருந்து:

மக்கள் வாயில் தேய்வதெல்லாம் சரி என்றால் 'ஆற்காடு' என்பதும் சரியாகிவிடும். பலகைதோறும் றகரம் போட்டு எழுதுகிறார்கள். ஆறு காடுகள் என்பார்கள். எண்ணுப்பெயர் காட்டோடு சேர்ந்தால் முதல் குறுகி 'அறுகாடு' என்றல்லவா வரும்? அறுபடை, அறுசுவை போல. நதியாகிய ஆறு என்றால் 'ஆற்றுக்காடு'. ஆர் என்பது ஆத்தி மரம், சோழர் சூடிய மாலை. ஆர் + காடு, ரகர மெய்யின் முன் வல்லினம் மிக்கு 'ஆர்க்காடு'. ஆத்திக்காடு என்பதே பொருள்.

குடியாத்தத்திலிருந்து:

இது பேசித் தீர்கிற விஷயம் இல்லை. ஆனால் ஏட்டுக்கு ஒரு பயன் உண்டு. வேலூர் ஆற்காடு ரோட்டை ஒருவர் றகரத்திலும் இன்னொருவர் ரகரத்திலும் துண்டு துண்டாகத் திருத்தினால், ஒரே சாலை தேடலில் இரண்டாகத் தெரியும். பலகையில் இருப்பது பெயர்ப் புலத்தில், மற்றது மாற்றுப்பெயர்ப் புலத்தில். சாலை எண்ணுக்கும் அப்படியே: 2010-க்குப் பிறகு 48 என்று எண் மாறிய தேசிய நெடுஞ்சாலையை இன்னும் 46 என்று கேட்பவர்கள் உண்டு, பழைய எண்ணைப் பழைய எண் புலத்தில் வையுங்கள், அழிக்காதீர்கள்.

சொல்லுக்கு வருகிறேன். கண்ணுக்குச் சந்திபோல் தெரிகிறது, உண்மையில் சந்தி இல்லை. 'பொய்ச்சந்தி'.

வாலாஜாவிலிருந்து:

அம்மா, காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். படத்தில் சாலைக் கோடும் தண்டவாளக் கோடும் வெட்டிக்கொள்கின்றன. பார்க்கச் சந்திதான், ஆனால் சந்தி இல்லை; இருக்கவும் கூடாது. அங்கே பொதுக் கணு வைக்கக் கூடாது. பாலத் துண்டை மட்டும் தனியாக வெட்டி, 'பிரிட்ஜ் = யெஸ்', 'லேயர் = 1' என்று போட வேண்டும். ரயில்வே கேட் உள்ள இடத்தில்தான் பொதுக் கணு. 'பொய்ச்சந்தி' என்று பெயர் வைத்தால் மாணவன் பாலத்தைப் பிழை என்று எண்ணிக் கீழே போகும் கோட்டோடு ஒட்டிவிடுவான். சாலைமேல் சாலை போகும் மேம்பாலத்தில் அதைச் செய்தால், மேலே போகிற வண்டியை நடுப்பாலத்தில் கீழே திரும்பச் சொல்லும்.

நம் பிழைக்கு அடையாளம் வேறு. வழி தேடும் மென்பொருளுக்கு அது முட்டுச்சந்து. ஊரில் அது முட்டுச்சந்து இல்லை. 'பொய்முட்டு' என்று வையுங்கள். நிஜமான முட்டு 'மெய்ம்முட்டு' என்று தானே கிடைத்துவிடும். அந்த ஜோடி தரவிலும் உண்டு. ஜேஓஎஸ்எம்மின் சரிபார்ப்பான், சாலை நுனி இன்னொரு சாலைக்கு 10 மீட்டருக்குள் முடிந்தால் எச்சரிக்கும். போய்ப் பார்த்து, நடுவில் சுவரோ சாக்கடையோ இருந்து நிஜமாகவே முடிகிறது என்றால், அந்தக் கடைசிக் கணுவில் 'நோஎக்ஸிட் = யெஸ்' என்று போட வேண்டும். அதுதான் மெய்ம்முட்டு. போடாத எச்சரிக்கை எல்லாம் பொய்முட்டா என்று சோதிக்க வேண்டியவை. செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது. மரநிழலில் சுவர் தெரியாது.

ஆம்பூரிலிருந்து:

டிரைவரிடம் 'முட்டு' என்றால் வண்டி முட்டியது என்றுதான் அர்த்தம். பொய்முட்டு என்றால் இன்ஷூரன்ஸுக்காகப் பொய்யாகக் காட்டிய ஆக்ஸிடென்ட்.

ஆரணியிலிருந்து:

முட்டு நல்ல சொல், அஞ்ச வேண்டாம். முட்டுச்சந்து, முட்டுக்கட்டை, முட்டுப்பாடு, எல்லாவற்றிலும் தடை என்ற பொருள் நிற்கிறது. முடு என்ற அடியிலிருந்தே முட்டு, முடுக்கு இரண்டும் வந்தன என்பது என் கருத்து. முடுக்கு என்றாலும் குறுகிய சந்துதானே. சொல்லை ஏற்கிறேன். ஆனால் எழுதும் முறை தவறு. மெய்ம்முட்டு என்று மகரம் போட்டவர் பொய்முட்டில் ஏன் விட்டார்? குறிலை அடுத்த யகர மெய்யின் முன் மெல்லினம் மிகும் என்பது நன்னூல். மெய்ஞ்ஞானம், பொய்ம்மொழி. 'பொய்ம்முட்டு' என்பதே சரி.

வாலாஜாவிலிருந்து:

நூற்பாவில் இருப்பது 'மிகலுமாம்'. உம்மை இருக்கிறதே ஐயா, மிகாமலும் வரலாம் என்றுதானே அர்த்தம்? மெய்யில் வாய்க்கு வந்தது, பொய்யில் வரவில்லை.

காட்பாடியிலிருந்து:

நாளை காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏட்டில் தலைப்பு 'பொய்முட்டு', மகரம் இல்லாமல். தேடுபெட்டியில் மாணவன் அடிப்பதற்கு அதுதான் எளிது. ஜோடி கெடாமல் 'மெய்முட்டு' என்றும் மகரம் இல்லாமலே போகும். கீழே முதல் வரி: 'ஒட்டாத கூட்ரோடு'. ஆம்பூர் அண்ணன் சொன்னபடி ரோடு ரோடாகவே. இரண்டு நாளில் ஐந்து பேரில் மூன்று பேர் இதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள், அதற்குமேல் காத்திருக்க நேரமில்லை. கோடு எல்லை தாண்டிப் போய்ச் சிறு மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் பிழைக்கு 'வால்' என்று போட்டிருந்தேன். அதை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஆரணியிலிருந்து:

வால் சரி. மகரம் விட்டதற்கு என் மறுப்பைக் கோப்பில் பதிந்து வையுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன். உம்மை எதிர்மறையாகப் பொருள் தரும் இடங்களை எடுத்துக் காட்டித் தனியாக எழுதுகிறேன்.

வாலாஜாவிலிருந்து:

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிற்று. பொய்முட்டை ஒட்டியபின், அந்தச் சந்திப்பில் 'இங்கே திரும்பக் கூடாது' என்று தரவில் பதிந்த தடை உறவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சாலையிலிருந்து, எந்தக் கணு வழியாக, எந்தச் சாலைக்கு என்று மூன்று உறுப்பு அதில் இருக்கும். நடுவில் உள்ள கணு இரண்டு சாலைக்கும் பொதுவாக இல்லாவிட்டால் தடை வேலை செய்யாது. ஒட்டுவதற்காகப் பெரிய சாலையை வெட்டியிருந்தால், உறவில் சரியான துண்டுதான் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை அச்சுக்கு முன் சேர்க்க முடியுமா?