ஊழியத்துக்குப் புறப்படுகிறோம், ஆலோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் திருச்சபையின் மிஷனரி ஊழியத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். போகும் இடத்தில் ஒருவரையும் தெரியாது. பிரசங்கத்துக்கு நான் பயப்படவில்லை. யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது, எவ்வளவு நேரம் உட்காருவது, எப்போது பேச்சை நிறுத்திக் காது கொடுப்பது என்பதுதான் கவலை. (கடைசியது என் மனைவிக்குக் கைவந்த கலை. பயிற்சி எனக்குத்தான்.) வேதாகமத்தில் வரும் தம்பதியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழில் செய்துகொண்டே அப்பொல்லோ என்ற பிரசங்கியைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை விளக்கினார்களே, அப்படி இருவராகச் செய்யும் அமைதியான ஊழியம்தான் எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் போதகர் எங்களைப் பாரமாகவோ போட்டியாகவோ நினைத்துவிடக் கூடாதே! இந்த வயதில் இப்படிப் போனவர்கள், முதல் மாதத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை எவ்வளவு கையிருப்பாக எடுத்துச் சென்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.