ஒரு கட்டத்தில் போட்டால் மூன்று வரிசையும் மாறுகிறது, அவசரம்!!

கட்டக்காரன்:
வணக்கம். மூன்றுக்கு மூன்று கட்ட விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். முதல் கட்டத்தில் 1 போட்டால் அதற்குக் கீழே இருக்கிற இரண்டிலும் தானாக 1 விழுகிறது. நான் தொட்டது ஒரே ஒரு இடம், சத்தியமாக. வேரியபிள் தானாக மாறுமா என்ன? நாளைக்குக் காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

அரைப்புள்ளி:
எந்த மொழி?

நள்ளிரவு கம்பைலர்:
கோட் எங்கே? ஒரே ஒரு இடத்தைத்தான் தொட்டேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

லூப்லிங்கம்:
கண்டிப்பாக லூப் பிரச்சினை. யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கிற இடத்தில் சமமா என்று கேட்கிற == போடாமல், மதிப்பு வைக்கிற = போட்டிருப்பீர்கள். இதே தப்பில் எனக்கு இரண்டு நாள் போனது.

அரைப்புள்ளி:
லிங்கம், பைத்தானாக இருந்தால் அதற்கு எரர்தான் வரும், ஓடவே ஓடாது. அதற்காகத்தான் மொழியைக் கேட்டேன்.

கட்டக்காரன்:
மன்னிக்கவும், பைத்தான்தான். லூப் எல்லாம் இன்னும் எழுதவே இல்லை. மொத்தமே இவ்வளவுதான்:

பலகை = [[0] * 3] * 3
பலகை[0][0] = 1

பிரிண்ட் செய்தால் [[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]] என்று வருகிறது. பெயரைத் தமிழில் வைத்ததால் இருக்குமோ?

அரைப்புள்ளி:
பெயர்மேல் பழி போடாதீர்கள், பைத்தான் 3 வந்ததிலிருந்து தமிழ்ப் பெயர் செல்லும். சிக்கல் முதல் வரியில், அந்தக் கடைசி * 3. அது மூன்று வரிசை செய்து தரவில்லை. ஒரே வரிசையை மூன்று இடத்தில் காட்டுகிறது.

மெமரி மன்னன்:
டீப்காப்பி, அதாவது உள்ளே இருக்கிற வரிசைகளையும் சேர்த்து முழு நகல், போட்டால் தீர்ந்தது. பலகையைச் செய்த உடனே ஒரு டீப்காப்பி எடுத்து அதில் விளையாடுங்கள். நான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

கட்டக்காரன்:
போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மூத்த பிழைதிருத்தி:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, நானும் மாதத்துக்கு ஒரு முறை பதில் எழுதுகிறேன். தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. சரி, உட்கார்ந்து படியுங்கள் தம்பி.

டீப்காப்பி ஏன் உதவவில்லை? நகலெடுக்கும்போது எந்தெந்த ஆப்ஜெக்டை ஏற்கெனவே பார்த்தோம் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். மூலத்தில் மூன்று இடத்திலும் ஒரே லிஸ்ட் என்றால் நகலிலும் ஒரே லிஸ்ட்தான். உங்கள் தப்பையும் சேர்த்து அப்படியே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறது.

வேரியபிள் ஒரு டப்பா, அதற்குள் மதிப்பு இருக்கும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பைத்தானில் அது டப்பா இல்லை, பெயர்ச்சீட்டு. = போட்டால் ஒரு பொருளின்மேல் சீட்டை ஒட்டுகிறீர்கள், அவ்வளவுதான். பொருள் நகலாவதில்லை. நேம் பைண்டிங் என்பது இதைத்தான். ஓட்டிப் பாருங்கள்:

அ = [1, 2, 3]
ஆ = அ
ஆ += [4]

இப்போது அ-வைக் கேட்டால் [1, 2, 3, 4] என்று சொல்லும். கடைசி வரியை மட்டும் ஆ = ஆ + [4] என்று மாற்றி மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். அ பழையபடி [1, 2, 3] ஆகவே இருக்கும். += இருக்கிற லிஸ்டையே நீட்டுகிறது. + புது லிஸ்ட் ஒன்று செய்கிறது, ஆ என்கிற சீட்டு கழன்று அதில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கட்டக்காரன்:
அப்படியென்றால் உள்ளே இருக்கிற [0] * 3 மட்டும் எப்படிச் சரி? அங்கேயும் ஒரே 0 தானே மூன்று முறை?

அரைப்புள்ளி:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆமாம், அங்கேயும் ஒரே 0 தான். ஆனால் லிஸ்டை நீட்டுவதுபோல 0-வை யாராலும் உள்ளே புகுந்து மாற்ற முடியாது. பலகை[0][0] = 1 என்பது 0-வை 1 ஆக்குவதில்லை, அந்த இடத்துச் சீட்டைப் பிய்த்து 1-இன்மேல் ஒட்டுகிறது. பக்கத்து இரண்டு இடங்களும் 0-விலேயே இருக்கும். உங்களுக்குத் தேவை இது:

பலகை = [[0] * 3, [0] * 3, [0] * 3]

பெரிய பலகை என்றால் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு வரிசை செய்து சேருங்கள்.

மெமரி மன்னன்:
டப்பா என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. சி++ வெக்டரில் ஆ = அ என்றால் எல்லா உறுப்பும் நகலாகும், அது டப்பாதானே? பைத்தான் பாஸ் பை ரெபரன்ஸ், பங்ஷனுக்கு நகலைத் தராமல் வேரியபிளையே தருகிறது, என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், இதற்குப் போய் சீட்டு, கோந்து எல்லாம் எதற்கு?

மூத்த பிழைதிருத்தி:
பாஸ் பை ரெபரன்ஸ் என்றால், பங்ஷனுக்குள்ளே ஆ = [] என்று எழுதினால் வெளியே அழைத்தவனின் பெயரும் காலி லிஸ்டுக்குப் போக வேண்டும். போகாது. எழுதிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். 1970களிலேயே பார்பரா லிஸ்கோவ் குழு க்ளூ மொழியில், பொருளைப் பகிர்ந்து கொடுக்கிற இந்த முறைக்குக் கால் பை ஷேரிங் என்று தனிப் பெயரே வைத்துவிட்டது.

மெமரி மன்னன்:
பெயர் எதுவாக இருந்தால் என்ன, உள்ளே போவது பாயின்டர், பொருள் இருக்கிற இடத்தின் முகவரி.

நள்ளிரவு கம்பைலர்:
பாயின்டரின் நகல். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள், சத்தமாக.

லூப்லிங்கம்:
வேரியபிளுக்குத் தமிழில் சொல்கிற 'மாறி' என்கிற சொல்லே எனக்குப் பிடிக்காது. எர்லாங் மொழியில் மாறி மாறவே மாறாது! எக்ஸ் = 5 என்று ஒரு முறை கட்டிவிட்டால் அப்புறம் எக்ஸ் = 6 என்றதும் பேட்மேட்ச், அதாவது பொருந்தவில்லை என்கிற எரர்.

மூத்த பிழைதிருத்தி:
கணக்குப் பாடத்து எக்ஸும் ஒரு கணக்கின் நடுவில் மாறியதில்லை. சொல்லின்மேல் என்ன குற்றம்?

கட்டக்காரன்:
ஓடுகிறது. நன்றி.

அரைப்புள்ளி:
எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். இன்னொன்று, முந்தைய நிலைக்குத் திரும்புகிற வசதி வைக்கப்போகிறீர்கள் என்றால் பழையது = பலகை என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். பலகை[:] என்று மேலோட்டமாக நகலெடுத்தால்கூடப் போதாது, வெளி லிஸ்ட் மட்டும்தான் புதிது, வரிசைகள் அதேதான். அங்கே டீப்காப்பி சரிப்படும்.

மெமரி மன்னன்:
நான் அப்போதே சொன்னேன்.